எந்த ஆண்டாள்?

அந்த அக்காவின் பெயரை எழுதுவதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. எழுதினாலும் பயன் இல்லை, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்க் குடம் இருக்கும், ஒருத்தி இடுப்பில் பிள்ளை இருக்கும். கோயிலில் இருக்கிற தாயாரின் பெயர் அது. வீட்டில் பெண் பிறந்தால் யோசிக்காமல் வைத்துவிடுவார்கள்.

ஊரில் அவரை 'எந்தக்கா' என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். யார் என்ன சொன்னாலும் அவர் வாயில் முதலில் வருகிற சொல் 'எந்த' என்பதுதான். பஸ் போயிருச்சு என்றால் எந்த பஸ் என்பார். ராஜபாளையத்தில் ராஜு ஒருவர் காலமானார் என்றால் எந்த ராஜு என்பார். ராஜு என்ற பட்டம் உள்ளவர்கள் நிறைந்த அந்த ஊரில் அது நியாயமான கேள்வி. ஆனால் மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னதற்கும், எந்தப் பக்கத்து மழை, செண்பகத்தோப்புப் பக்கமா, சோழபுரம் பக்கமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தடிமனான கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் அப்போதுதான் தூங்கி எழுந்தவை போல இருக்கும். அவசரம் என்ற ஒன்றையே அறியாத கண்கள்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அவரே ஒரு மழை நாளில் கரண்ட் போனபோது சொன்னார். பள்ளிக்கூடத்தில் அவர் வகுப்பில் ஒரே பெயரில் ஐந்து பேர். காலரா ஊசி போட வந்த அன்று ஒருத்தி பயந்துபோய்க் கக்கூசில் ஒளிந்துகொண்டாள். பெயரைக் கூப்பிட்டார்கள், இவர் போனார், ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி அதே பெயரைக் கூப்பிட்டார்கள். ஒளிந்தவளுக்கான கூப்பாடு அது. டீச்சர் இவரைப் பார்த்து முறைத்ததும் இவர் எழுந்து போய் இன்னொரு கையை நீட்டிவிட்டார். நாலைந்து நாள் காய்ச்சல். காய்ச்சலில் கிடக்கும்போது தன்னுடைய இரண்டு கையும் வேறு வேறு ஆண்டாளுடையது என்று தோன்றிக்கொண்டே இருந்ததாம். அதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் அவரை முதலில் பார்த்தது எண்பதுகளில். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் போய்ச் சேர்ந்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். டைப் தெரிந்தால் எங்காவது நிழலில் உட்காரலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். இங்கே எந்த வீடு என்றார். பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்தவர்களைப் போல அவர் உச்சுக்கொட்டவில்லை. பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் என்றார். அப்படி ஒரு பக்கம் எனக்கு இருந்தது அவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. மதுரை பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால், பழக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே. வரிசை எழுத்துகள் விரலில் படிவதற்குள் கிளம்பிவிட்டேன். திருப்பூர், சூரத், பம்பாய். சாயப்பட்டறையில் கைத்தோல் போனது, வளர்ந்தது. ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து காலில் விழுந்தது. அது ஒன்றும் இப்போது முக்கியமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் கொஞ்சம் நொண்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு வந்தேன். காயத்துக்குக் கட்டுகிற மருந்துத் துணி நெய்கிற தறிகளில் வேலை தேடி அலைந்தபோது, ஒரு நூல் கடையின் மாடியில் 'ஈமெயில், இன்டர்நெட்' என்று போர்டு பார்த்தேன். தண்ணீர் கேட்க ஏறினேன். உள்ளே அந்தக் கண்ணாடி. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தார்ப்பாய்க்குக் கீழே இருந்த தம்பிதான?" என்றார்.

அன்றே வேலை கிடைத்தது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தான் அவரைச் சொல்ல முடியும்.

நூல் கடை முதலாளி ஒரு ராஜு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஊர்ப் பையன்கள் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நம்ம ஊருக்கென்று ஒரு மெயில் வேண்டும் என்று அவருக்கு ஆசை. இன்ஸ்டிடியூட்டில் கம்ப்யூட்டர் வந்தபோது புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்த அக்கா அதை எழுதினார். அமெரிக்காவில் எங்கோ இருக்கிற வாடகை மெஷினில் அவர் எழுதிய புரோகிராம் உட்கார்ந்திருக்கும். மஸ்கட்டிலோ பஹ்ரைனிலோ இருப்பவர் அங்குள்ள கடையில் அதைத் திறந்து, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார். இங்கே வாங்குகிறவருக்கு மெயில் இருந்தால் மெயிலுக்குப் போகும். இல்லையென்றால் எங்கள் மாடிக்கு வரும். அக்கா அதை பிரிண்ட் எடுத்து, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி மடித்து, ஒட்டித் தருவார். மடிக்கும்போது படிக்க மாட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு மடிப்பார். நான் சைக்கிளிலும் பஸ்ஸிலும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இதில் எல்லாருக்கும் ஒரு விலாசப் புத்தகம் உண்டு. மெஷினுக்குள் இருக்கிற புத்தகம். அக்காவின் உயிர் அதில்தான் இருந்தது. மற்ற வேலைகளைச் செய்தார், இதைக் கனவு கண்டார். சில மத்தியானங்களில் விசிறியில் ஒட்டிய பஞ்சுத் தூசு ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும், அவர் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார். என்னக்கா என்றால், "ஒண்ணுமில்ல தம்பி, ஒரு ஆள எங்க வைக்கன்னு பாக்கேன்" என்பார்.

எனக்குப் புரியும்படி ஒரு நாள் சொன்னார். கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தகர வில்லை கொடுக்கிறார்களே, அதுபோல. செருப்பு வாங்கி வைக்கிறவர் நம் பெயரைக் கேட்பதில்லை. வில்லையில் எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அர்த்தம் இல்லாததால்தான் அது மாறாது. புத்தகத்தில் ஒரு ஆளைச் சேர்த்ததும் மெஷின் ஒரு வில்லை கொடுத்துவிடும். ஆள் என்றால் மெஷினுக்கு அந்த எண்தான். பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. விலாசம் வேறு பெட்டியில் இருக்கும், அந்தப் பெட்டியிலும் அதே எண் கட்டியிருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு மெயிலும் இரண்டு வீடும் இருக்கலாம், அவர் நாளைக்கு வீடு மாறலாம், பெயரையே மாற்றிக்கொள்ளலாம். வில்லை அப்படியே இருக்கும்.

'சொந்தக்காரர்கள்' என்று ஒரு குழு வைத்தால் அதற்குள் பெயரும் கிடையாது, விலாசமும் கிடையாது, எண்கள் மட்டும்தான் வரிசையாக இருக்கும். ராஜபாளையத்துச் சர்ச் பக்கம் இருந்த ஒரு குடும்பம் கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஒரே தட்டில் எல்லாருக்கும் அனுப்பும். அவர்கள் சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து பஹ்ரைனுக்குப் போனபோது ஒரே இடத்தில் விலாசத்தை மாற்றினார்கள். அவர் இருந்த எல்லாக் குழுவிலும் தானாகச் சரியாகிவிட்டது. முதலாளி அதைப் பெரிய ஜாலம் என்று ஊரெல்லாம் சொன்னார். அக்காவுக்கு அது ஜாலமாகத் தெரியவில்லை. ஆள் ஒன்றுதானே என்றார்.

பெயரை அடித்தால் என்ன ஆகும் என்றும் சொன்னார். பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிய ஒரு அட்டவணை தனியாக இருக்கிறது. மெஷின் அங்கே போய்த் தேடும். ஒரு எண் கிடைத்தால் அதற்குரிய விலாசத்தை எடுத்து அனுப்பிவிடும். இரண்டு எண் கிடைத்தால் நின்றுவிடும். நின்று, எழுதுகிறவரிடமே கேட்கும். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் 'எந்த' என்று வந்து, கீழே ஒவ்வொருவரின் ஊரும் வரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். அமெரிக்காவில் இருக்கிற மெஷின் அக்காவின் குரலில் பேசியது.

அந்தக் கேள்வி மனிதர்களிடம் என்ன செய்யும் என்று ஒரு முறை பார்த்தேன். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் கடுகடுவென்று மாடி ஏறி வந்தார். மகன் துபாயில் யாரையோ கேட்காமல் கட்டிக்கொண்டான். என் புத்தகத்திலிருந்து மகனை எடுத்துரும்மா, இப்பவே எடுத்துரு, என் கண் முன்னால எடு என்றார். அக்கா நிதானமாக, "எந்த மகன பாய்?" என்றார். பாய்க்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "எந்த மகனா? எனக்கு இருக்கது ஒரே மகன்தாம்மா" என்று கத்தினார். கத்திய குரல் அந்தச் சின்ன அறையில் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உண்மையாகவே எண் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருந்தார்.

கோயிலிலும் இப்படித்தான். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட பட்டரிடம், இன்றைக்கு இந்தப் பெயரில் எத்தனை பேர் வந்தார்கள், எது யாருக்கு என்று தாயாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பட்டர் வயதானவர், கோபப்படவில்லை. அவளுக்குத் தெரியும்மா, கேட்காமலே தெரியும் என்று சொல்லிக் குங்குமத்தைக் கொடுத்தார். வெளியே வந்து தேர் நிற்கிற பக்கம் நடக்கும்போது அக்கா சொன்னார். "கேக்காமத் தெரியறது அவிய வேல தம்பி. நமக்கு அது வராது. நாம கேக்கத்தான் வேணும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்தான் பிறகு ஒரு முறை கேட்காமல் விட்டார். ஒரே ஒரு முறை. அதுவும் அவராக விடவில்லை.

வளைகுடாக்காரர்களிடமிருந்து முதலாளிக்குப் புகார் வந்தது. அங்கே மெயில் பார்க்கிற கடையில் நிமிஷக் கணக்கு. நம் மெஷின் ஒவ்வொரு தடவையும் எந்த ஆண்டாள், எந்த முருகன் என்று இன்னொரு பக்கம் திறந்து கேட்கிறது, அது திறப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. முதலாளி மாடிக்கு வந்து நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"ஏம்மா, ஓசியில மெயில் குடுக்கான் வெளிநாட்டுக்காரன். அதெல்லாம் இப்படி நின்னு நின்னு கேக்குதா? தினம் எழுதுற ஆளு யாருன்னு மெஷினுக்குத் தெரியாதா? உன்ன மாதிரியே அதையும் வளத்து வச்சிருக்க."

அக்கா சில வாரங்கள் தட்டிக்கழித்தார். மாடியைக் காலி செய்துவிடுவேன் என்று முதலாளி சொன்ன பிறகு, ஒரு மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதி முடித்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கணக்கு. அந்த ஆளுக்கு ஒரு மெயில் போனால் கணக்கில் ஒன்று கூடும். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால், எந்தக் கணக்கு பெரியதோ அந்த ஆளுக்கே போய்விடும். கேள்வி இல்லை. எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாக வேலை செய்தது. வளைகுடாவிலிருந்து பாராட்டு வந்தது. முதலாளி எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

மஸ்கட்டில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். தகப்பன் இல்லை. அம்மா சோழபுரத்தில் தனியாக இருந்தார், சர்க்கரை நோய். அவருக்கு முறைப்பெண்கள் இருவர். வன்னியம்பட்டியில் அத்தை மகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமன் மகள். இருவர் பெயரும் ஆண்டாள். இது எங்கள் பக்கத்தில் யாருக்கும் ஆச்சரியம் தராது. வன்னியம்பட்டி ஆண்டாள்தான் வாரம் தவறாமல் சோழபுரம் போய் அந்த அம்மாவுக்கு ஊசி மருந்து வாங்கிக் கொடுத்து, சுகர் பார்த்து, பிறகு எங்கள் மாடிக்கு வந்து மஸ்கட்டுக்கு எழுதுவாள். அவரும் பதில் எழுதுவார். அந்தப் பதில்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். வாசலில் நின்றே படிப்பாள், மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது என்று தெருவில் சொன்னார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் அவளுக்கு ஒரு மெயில் வந்தது. அக்கா வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு மடித்தார், நான் கொண்டுபோனேன். இந்த முறை படித்துவிட்டு இடுப்பில் செருகவில்லை. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் அப்பா வெளியே வந்து, கை நீட்டு என்று என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினார். மகளுக்கு மஸ்கட் மாப்பிள்ளையே சம்மதம் சொல்லி எழுதியிருக்கிறார் என்றார். தெருவிலேயே நின்று அந்தச் சீனியைத் தின்றேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மஸ்கட்காரர் மாடிக்கே ஒரு மெயில் அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு முக்கியமான செய்தி ஒன்று எழுதினேன், பதிலே இல்லை, போய்ச் சேர்ந்ததா என்று விசாரித்திருந்தார்.

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி, மஸ்கட்ல இருந்து வந்தத எங்க குடுத்த?"

வன்னியம்பட்டியில் என்றேன். சீனியைப் பற்றிச் சொன்னேன். நேற்று அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், வெள்ளிக்கிழமை தட்டு எடுத்துக்கொண்டு சோழபுரம் போகிறார்களாம் என்றும் சொன்னேன்.

வழக்கத்தை மீறி, மெஷினில் இருந்த அந்த மெயிலின் நகலைத் திறந்து படித்தார். அந்த மனிதர் 'ஆண்டாள்' என்று மட்டும் அடித்திருக்கிறார். மெஷின் நிற்கவில்லை, கேட்கவில்லை. கணக்கைப் பார்த்தது. யாருக்கு அவர் நிறைய எழுதியிருக்கிறாரோ அவளுக்கு அனுப்பிவிட்டது. செய்தியும் அப்படி அமைந்துவிட்டது. அம்மா சொன்னதற்கு எனக்குச் சம்மதம், தை மாதம் லீவில் வருகிறேன், மாமாவிடம் சொல்லிவிடு, அவ்வளவுதான். இரண்டு பெண்களின் தகப்பன்மாரும் அவருக்கு மாமாதான்.

முதலாளி கீழேயிருந்து ஏறி வந்து கேட்டார். "அவன் அடிச்சான், மெஷின் அனுப்புச்சு. நமக்கு என்னம்மா? மஸ்கட்டுக்கு எழுதிப் போடு, சொந்தக்காரங்க அவங்களாப் பேசித் தீத்துக்கிடட்டும்."

"அவிய வெள்ளிக்கிழம தட்டோட போயி நிப்பாவ முதலாளி. சோழபுரத்து அம்மா, நான் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க என் அண்ணன் மகளத்தான்னு சொல்லும். பத்துப் பேருக்கு முன்னால. அந்தப் பிள்ள பொறவு எப்படி வெளிய வரும்?"

மறுநாள் காலையில் நானும் அவரும் வன்னியம்பட்டிக்கு பஸ் ஏறினோம். பனி விலகாத காலை. மலை இருந்த இடத்தில் மலை இல்லை, வெள்ளையாக ஏதோ நின்றது. அக்கா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழி முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை.

வீட்டில் சுண்ணாம்பு வாசம். சுவர்கள் ஈரமாக மினுங்கின. அவள் அப்பா எங்களைப் பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நல்ல சேதி கொண்டுவந்த ஆட்கள், சாப்பிடாமல் போகக்கூடாது என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி, அதாவது மஸ்கட்காரரின் அத்தை, கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையைப் பெற்ற அண்ணன் உயிரோடு இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான் என்று கண்ணைத் துடைத்தாள். அக்கா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஆண்டாளிடம் மெயில் விஷயமாகக் கொஞ்சம் பேச வேண்டும் என்றார். என்னையும் கூட வரச் சொன்னார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

பின்பக்கம் கிணறு. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். பெயரைச் சொன்னார், கணக்கைச் சொன்னார், எழுதியது தான்தான் என்று சொன்னார்.

அவள் கையில் பிழிந்த துணி இருந்தது. அதை மறுபடி பிழிந்தாள். தண்ணீர் வரவில்லை.

"மெஷினு ஏங்க்கா என்னைய எடுத்துச்சு?"

"அவிய உனக்குத்தான் அதிகமா எழுதியிருக்காவ தாயி. அத வச்சு எடுத்துச்சு."

"அதிகமான்னா, அத்தைக்கு மாத்திர வாங்குனியா, ஊசி போட்டியா, கால் புண்ணு ஆறிட்டா. அம்புட்டுதான எழுதுவாவ."

"என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. எத்தன தடவன்னு மட்டுந்தான் தெரியும்."

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவள் வாளியைத்தான் பார்த்தாள்.

"எம் பேர அவிய புத்தகத்துல இருந்து எடுத்துருங்க."

"எடுக்க முடியாது தாயி. அது அவிய புத்தகம். அவியதான் எடுக்கணும். இன்னொருத்தர் புத்தகத்துல நாம இருக்கோமா இல்லையாங்கிறது நம்ம கையில இல்ல."

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வெற்றிலை எத்தனை கட்டு வாங்குவது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நான் போயி சொல்லுதேன். என் தப்புதான். எம்புட்டு வைதாலும் கேட்டுக்கிடுதேன்."

அவள் அக்காவின் கையைப் பிடித்தாள். ஈரக்கை. "வேண்டாம். நீங்க சொன்னா, மெஷின் கோளாறுல வந்த மாப்பிள்ளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சாவன்னு ஊரு சிரிக்கும். எங்கப்பா தாங்க மாட்டாவ. நானே சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"அத்தான் கேட்டாவ, எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லுவேன்."

அக்கா அவளையே பார்த்தார். அது நடந்தது இல்லையே என்று அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன்.

"ஒரு வாரம் அடிப்பாவ, வைவாவ. அம்மா பேச மாட்டா. ஆனா வேண்டாம்னு சொன்ன மகளப் பத்தி எவரும் வெளிய போயி சொல்ல மாட்டாவ. ஸ்ரீவில்லிபுத்தூருக்காரவியளுக்கும் தெரியாது. அத்தானுக்கும் தெரிய வேண்டாம். அவிய கேட்டாவ, நான் மாட்டேன்னுட்டேன். எனக்கு அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நீங்க மாத்திச் சொல்லிராதீங்க."

அக்கா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. நாங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் அந்த வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலில் அப்பாவின் குரல், பிறகு ஏதோ பாத்திரம் விழுகிற சத்தம், அம்மாவின் அழுகை. அவள் குரல் கேட்கவே இல்லை. அக்கா நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறினார்.

தை மாதம் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. வன்னியம்பட்டிக்காரர்களும் வந்திருந்தார்கள், பந்தியில் உட்கார்ந்தார்கள், மொய் எழுதினார்கள். அவள் சோழபுரத்து அத்தைக்குப் பக்கத்தில் நின்று, நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் அந்தக் கணக்கை அக்கா எடுத்துவிட்டார். அது மறுபடி நின்று கேட்கத் தொடங்கியது. வளைகுடாக்காரர்கள் ஒவ்வொருவராக ஓசி மெயிலுக்குப் போனார்கள். மாடி மூடிய பிறகு அக்கா சென்னையில் ஏதோ கம்பெனியில் சேர்ந்ததாகச் சொன்னார்கள். கோயம்புத்தூர் என்றும் சொன்னார்கள். நான் அதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கடைகளில் உட்கார்ந்து மெயில் பார்த்திருக்கிறேன். இரண்டு எழுத்து அடித்ததும் மெஷின் தானாக ஒரு பெயரைக் கொண்டுவந்து நிறுத்தும். ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன்.

ஆனால் அக்கா என்றால் எனக்கு ஞாபகம் வருவது அன்றைய சாயங்காலம்தான். வன்னியம்பட்டியிலிருந்து வந்த அன்று. வெயில் இறங்கி, மலை மறுபடி தெரிந்தது, நீலமாக, கிட்டத்தில். கீழே நூல் கடையில் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா மஸ்கட்டுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். விரல்களை எழுத்துகளின்மேல் வைத்தபடி வெகுநேரம் இருந்தார். பிறகு மெதுவாக அடித்தார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். உங்கள் செய்தி போய்ச் சேரவில்லை. மன்னிக்கவும். மறுபடி ஒரு முறை அனுப்புங்கள்.

"சேந்துச்சேக்கா," என்றேன்.

"சேரல தம்பி," என்றார். எழுதியதை முதலிலிருந்து ஒரு தடவை படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. போன் லைனைப் போட்டு, அது கீச்சிட்டு அடங்கும்வரை காத்திருந்து, அனுப்பினார்.